மூளையின் ஒரு பக்கம் பாதித்த பிறகு பார்த்தது நினைவில் நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கவாதம், தலைக்காயம், கட்டி, வலிப்புக்கான அறுவை சிகிச்சை என்று ஏதோ ஒரு காரணத்தால் மூளையின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு போனால் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடுகிறது. பார்த்ததை மனதில் வைத்துக்கொள்ளும் திறன் குறைந்தால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே இருக்கலாம், பாதிக்கப்பட்டவருக்கேகூட.

காட்சி நினைவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருமுறை பார்த்த முகத்தை மறுபடி அடையாளம் காண்பது, போன வழியிலேயே திரும்பி வருவது, சாவியை எங்கே வைத்தோம் என்று கண்முன் கொண்டுவருவது, ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பார்க்காமல் வரைவது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோமே தவிர, மூளைக்குள் இவை வெவ்வேறு வேலைகள். முகம் மறந்துபோகிறவருக்கு வழி மறக்காமல் இருக்கலாம். வழி தப்புகிறவர் முகத்தைப் பார்த்ததுமே பெயரைச் சொல்லிவிடலாம். 'ஞாபகமறதி' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், எது மறக்கிறது, எது மறக்கவில்லை என்று நாலு நாள் கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

ஒரு பக்கம் அடிபட்டால் பார்த்தவற்றில் பாதி அழிந்துவிடுமா?

இல்லை. ஆனால் இந்தச் சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பார்வைப் புலத்தின் இடது பாதி வலது மூளைக்கும், வலது பாதி இடது மூளைக்கும் போகிறது. இடது கண்ணுக்கு வலது மூளை, வலது கண்ணுக்கு இடது மூளை என்று கணக்கில்லை; ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் நரம்பிழைகளில் ஏறக்குறைய பாதி வழியில் எதிர்ப்பக்கம் தாண்டிப் போகின்றன. அதனால் பிடரிப் பக்கத்து மூளை ஒருபுறம் சேதமானால் இரண்டு கண்ணிலும் ஒரே பாதி தெரியாமல் போகும். அது பார்வைக் குறைபாடு.

நினைவு அப்படிப் பாதி பாதியாகப் பிரித்து வைக்கப்படவில்லை. கண் ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பதால் இடப்பக்கம் இருந்தது அடுத்த நொடி நடுவுக்கு வந்துவிடுகிறது. மூளையின் இரண்டு பாதிகளான அரைக்கோளங்களை இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற தடித்த நரம்புக்கற்றை வழியாக ஒரு பக்கம் கண்டது மறுபக்கத்துக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே ஒரு பக்கம் சேதமானால், காட்சிகளைக் கையாளும் விதங்களில் ஒன்று கைவிட்டுப் போகிறது என்று எடுத்துக்கொள்வதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும்.

இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் பின் பெருமூளைத் தமனிதான் புதிய நினைவுகள் உருவாகத் தேவையான ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதிக்கும் ரத்தம் தருகிறது. அது அடைபட்டால் பாதிப் பார்வையும் நினைவும் ஒன்றாக அடிவாங்கலாம்.

இடது மூளை சொல்லுக்கு, வலது மூளை படத்துக்கு என்கிறார்களே, சரியா?

பாதி சரி. இந்தக் கருத்து வந்த இடம் கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம். மருந்துக்கு அடங்காத வலிப்புக்காக, காதுக்கு உள்பக்கம் இருக்கும் டெம்போரல் மடலின் ஒரு பகுதியை ஒருபுறம் மட்டும் நீக்கிய நோயாளிகளை பிரெண்டா மில்னர் 1950களிலிருந்து தொடர்ந்து சோதித்தார். இடப்பக்கம் நீக்கப்பட்டவர்களுக்குக் கேட்ட கதையும் படித்த சொற்களும் தங்கவில்லை. வலப்பக்கம் நீக்கப்பட்டவர்களுக்குக் கதை தங்கியது. புகைப்படத்தில் பார்த்த முகங்களும் கைக்குப் பழக வேண்டிய புதிர்ப்பாதைகளும் தங்கவில்லை. அதே நிறுவனத்தில் டோரீன் கிமுரா, எதைப் போலவும் இல்லாத கிறுக்கல் உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, 'இதை முன்பே பார்த்தீர்களா' என்று கேட்டார். 1963இல் வெளிவந்த அந்த ஆய்விலும் தடுமாறியவர்கள் வலப்பக்கத்தவர்களே.

இதுவரை தெளிவாகத்தான் இருக்கிறது. பின்னர் பல மருத்துவமனைகளில் திரும்பத் திரும்பச் சோதித்தபோது இடது பக்கத்துக்கும் சொல் நினைவுக்கும் உள்ள தொடர்பு உறுதியாக நின்றது. வலது பக்கத்துக்கும் பட நினைவுக்கும் உள்ள தொடர்பு சில ஆய்வுகளில் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. முக்கியமான காரணம், மனிதர்கள் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம் என்பது. ஒரு முக்கோணத்தின் மேல் வளைந்த கோடு இருந்தால், 'கூரைமேல் கொடி' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் கணமே அது சொல்லாகவும் பதிந்துவிடுகிறது. வலது பக்கம் சேதமானவர் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு படச் சோதனையில் தேறிவிடலாம். இடது பக்கம் சேதமானவருக்கு இந்த ஊன்றுகோல் இல்லாததால் அதே படச் சோதனையில் மதிப்பெண் குறையலாம்.

'படச் சோதனையில் குறைவு, ஆகவே வலது மூளை' என்று ஒரே வரியில் முடிக்கும் அறிக்கையை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன்.

இரண்டு பக்கமும் போனால்?

கதையே வேறு. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்புக்காக இரண்டு பக்கத்து டெம்போரல் மடல்களின் உட்பகுதிகளும் நீக்கப்பட்டன. 2008இல் இறக்கும்வரை சந்தித்த மனிதர்களோ நிகழ்ச்சிகளோ அவர் நினைவில் ஏறக்குறைய தங்கவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் பாதித்தவருக்கு இப்படி ஆவதில்லை. மறுபக்கம் நன்றாக இருக்கும்வரை அன்றாட நிகழ்ச்சிகள் பதிந்துகொண்டுதான் இருக்கும். இணையத்தில் மொலைசன் கதையைப் படித்துவிட்டுப் பயந்துபோய் வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே படத்தை வலப்பக்கம் பாதித்தவரும் இடப்பக்கம் பாதித்தவரும் எப்படி நினைவில் வைக்கிறார்கள்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. டீன் டெலிசும் அவருடைய சகாக்களும் 1986இல் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். சின்னச் சின்ன 'இசட்' எழுத்துகளை அடுக்கி ஒரு பெரிய 'எம்' எழுத்தாக அமைத்த படம். நோயாளி அதைப் பார்க்கிறார்; பிறகு பார்க்காமல் வரைகிறார். வலது மூளை பாதித்தவர் தாளெங்கும் 'இசட்'களை இறைத்துவிடுகிறார். அவை சேர்ந்து பெரிய எழுத்தாக இருந்தது அவர் வரைந்ததில் இல்லை. இடது மூளை பாதித்தவர் பெரிய 'எம்' ஒன்றை அழகாகப் போடுகிறார். அது எதனால் ஆனது என்பது காணோம். எல்லோரும் இவ்வளவு அப்பட்டமாக வரைவதில்லை, ஆனால் சாய்வு இந்தத் திசைகளில்தான்.

அதாவது மொத்த வடிவத்தைப் பிடிப்பதில் வலது பக்கத்துக்குக் கை ஓங்கியிருக்கிறது, உள்விவரங்களைப் பிடிப்பதில் இடது பக்கத்துக்கு. இருவருமே 'படத்தை மறந்தவர்கள்' என்று பதிவாகலாம். ஆனால் மறந்தது ஒன்றல்ல. ஓர் அறையை நினைவுபடுத்தச் சொன்னால், முதலாமவர் மேசைமேல் இருந்த கண்ணாடியையும் சுவரில் இருந்த கடிகாரத்தையும் சொல்வார். எது எதற்குப் பக்கத்தில் என்று கேட்டால் திணறுவார். இரண்டாமவருக்கு அறை நீளமானது, சன்னல் எதிரே இருந்தது என்பது நிற்கும்; மேசைமேல் என்ன இருந்தது என்பது நழுவும்.

அப்பாவுக்கு வலது பக்கத்தில் பக்கவாதம். பேச்சு தெளிவு, மருத்துவர் கேட்டதற்கெல்லாம் சரியான பதில். ஆனால் வீட்டுக்குள்ளேயே பொருளைத் தேடி அலைகிறார். நடிக்கிறாரா?

நடிக்கவில்லை. மருத்துவமனையில் கேட்பவை பெரும்பாலும் சொல்லால் கேட்டுச் சொல்லால் பதில் பெறும் கேள்விகள்: இன்று என்ன தேதி, இந்த மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். இடது மூளை நன்றாக இருந்தால் இவற்றில் தேறிவிடலாம். பொருள் எங்கே இருந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

மேரி லூ ஸ்மித்தும் மில்னரும் 1981இல் அதைக் கேட்டார்கள். ஒரு பலகையில் 16 சிறு பொம்மைகளைப் பரப்பி, ஒவ்வொன்றும் என்ன விலை இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். நினைவுச் சோதனை என்று சொல்லவில்லை. பிறகு பொம்மைகள் எங்கெங்கே இருந்தன என்று வைத்துக்காட்டச் சொன்னபோது, வலது ஹிப்போகேம்பஸில் பெரும்பகுதி நீக்கப்பட்டவர்கள் இடங்களை வெகுவாகத் தவறவிட்டார்கள். உங்கள் அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடுவதும் ஏறக்குறைய இதே சங்கதி.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளலாம். வலது பக்கம் பாதித்தவர்களில் பலருக்குத் தங்கள் குறை தங்களுக்கே தெரிவதில்லை. 1914இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி, கைகால் விழுந்திருப்பதையே உணராத நோயாளிகளைப் பற்றி எழுதினார். நினைவிலும் பார்வையிலும் இது நடக்கும். 'எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள்தான் பொருளை மாற்றி மாற்றி வைக்கிறீர்கள்' என்று அவர் கோபப்பட்டால் அது பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றுகிறது. வாதாடி ஜெயிக்கப் பார்ப்பது வீண்வேலை.

தட்டின் இடப்பக்க உணவை அப்படியே விட்டுவிடுகிறார். இது மறதியா, பார்வையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர். கண் பார்க்கிறது, கவனம் அந்தப் பக்கம் போவதில்லை. வலது மூளை பாதித்தவர்களிடம், அதிலும் உச்சந்தலைக்குக் கீழே பின்பக்கமாக இருக்கும் பெரைட்டல் மடலை ஒட்டிய பகுதி பாதித்தவர்களிடம், அதிகமாகக் காணலாம். பாதிப் பார்வை போனவர் அது தெரிந்து தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவருக்குத் திரும்ப வேண்டும் என்றே தோன்றாது.

ஆனால் இது நினைவுக்குள்ளும் நுழையும் என்பதுதான் விசித்திரம். 1978இல் இத்தாலியில் எதுவார்தோ பிசியாக்கும் கிளாவுதியோ லுத்சாத்தியும், மிலான் நகரத்தைச் சேர்ந்த இரண்டு நோயாளிகளிடம் அந்நகரின் பேராலயச் சதுக்கத்தைக் கற்பனையில் கொண்டுவரச் சொன்னார்கள். சதுக்கத்தின் எதிர்முனையில் நின்று பேராலயத்தைப் பார்ப்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை வரிசையாகச் சொன்னார்கள், இடப்பக்கத்தை விட்டுவிட்டார்கள். இப்போது பேராலயத்தின் வாசற்படியில் நின்று எதிரே பார்ப்பதாக நினையுங்கள் என்றதும், சற்றுமுன் விட்ட கட்டடங்களைச் சொன்னார்கள். சற்றுமுன் சொன்னவை காணாமல் போயின.

ஆகவே சதுக்கம் முழுவதும் நினைவில் பத்திரமாகத்தான் இருந்தது. எடுத்துப் பார்க்கும்போது மனக்கண்ணின் இடப்பக்கம் கவனத்துக்கு வரவில்லை. 'மறந்துவிட்டார்' என்று நாம் சொல்லும் பல தருணங்களில் நடப்பது இதுவாக இருக்கலாம். வேறு திசையிலிருந்து கேட்டுப் பாருங்கள்: 'வாசலில் நின்றால் கூடத்தில் என்ன தெரியும்?' என்று ஒருமுறை, 'கூடத்தின் உள்கோடியில் நின்று வாசலைப் பார்த்தால்?' என்று மறுமுறை.

முகங்கள் மட்டும் அடையாளம் தெரியவில்லை. அப்படியும் நடக்குமா?

நடக்கும். 1947இல் ஜெர்மானிய மருத்துவர் யோவாகிம் போடாமர் விவரித்த 'புரோசோபக்னோசியா' இது. முகம் முகமாகத் தெரியும், மூக்கு கண் எல்லாம் தெரியும், யார் என்பது தெரியாது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிடும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஃபியூசிஃபார்ம் மடிப்பு இரண்டு பக்கமும் சேதமானவர்களிடம்தான் இது கடுமையாக இருக்கும் என்றாலும், வலது பக்கம் மட்டும் சேதமாகியும் வரலாம். இடது பக்கம் மட்டும் என்றால் அபூர்வம். முகத்தைத் தெரிந்துகொண்டு பெயர் மட்டும் வராமல் தவிப்பது வேறு. அது இடப்பக்கப் பாதிப்பில் அதிகம். வீட்டுக்கு வருகிறவர்கள் 'நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று பரீட்சை வைக்காமல், வந்ததும் தங்கள் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

எந்தச் சோதனைகள் செய்வார்கள்?

நரம்பு உளவியலாளர் செய்வார். எம்.ஆர்.ஐ. சேதம் எங்கே என்று காட்டும். அந்த மனிதருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதை இந்தச் சோதனைகள்தான் காட்டும்.

அதிகம் பயன்படுவது ரே-ஆஸ்டரித் சிக்கல் உருவம். ஆந்த்ரே ரே 1941இல் உருவாக்கியது. 1944இல் ஆஸ்டரித் மதிப்பிடும் முறையைச் சீராக்கினார். செவ்வகம், குறுக்குக் கோடுகள், வட்டம், முக்கோணம் என்று 18 கூறுகள் கொண்ட படம்; ஒவ்வொன்றுக்கும் 2 வீதம் மொத்தம் 36 மதிப்பெண். முதலில் பார்த்து வரையச் சொல்வார்கள், பிறகு படத்தை எடுத்துவிட்டு நினைவிலிருந்து. பார்த்து வரைந்ததே கோணலாக இருந்தால் குறை நினைவில் என்று சொல்ல முடியாது. உள்ளே போகும்போதே படம் உடைந்திருக்கிறது. பார்த்து வரைந்தது நன்றாக இருந்து, அரைமணி நேரம் கழித்து வரைந்தது வெறுமையாக இருந்தால் நினைவைச் சந்தேகிக்கலாம். மதிப்பெண்ணைவிட எந்தக் கோட்டில் தொடங்கினார், எப்படிச் சேர்த்தார் என்று பார்க்கும் உளவியலாளர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஒன்பது கட்டைகளில் சிலவற்றை ஒரு வரிசையில் தட்டிக்காட்டி, அதே வரிசையில் தட்டச் சொல்லும் கோர்சி சோதனை குறுகிய நேர இட நினைவைப் பார்க்கும். எலிசபெத் வாரிங்டன் 1984இல் வெளியிட்ட சோதனையில் 50 சொற்களையும் 50 முகங்களையும் காட்டிவிட்டு அடையாளம் காணச் சொல்வார்கள். சொல்லும் முகமும் ஒரே அளவுகோலில் வருவதால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பளிச்சென்று தெரியும்.

போகும்போது மூக்குக்கண்ணாடியை மறக்க வேண்டாம். பார்வைப் புலச் சோதனை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தூக்கமின்மை, மனச்சோர்வு, வலிப்பு மாத்திரைகள் எல்லாமே மதிப்பெண்ணை இழுத்துக் கீழே போடக்கூடியவை. அவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

இடது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு எல்லாம் தலைகீழா?

இல்லை. இடது கைக்காரர்களிலும் பெரும்பாலானோருக்கு, சுமார் 70 விழுக்காட்டினருக்கு, மொழி இடது மூளையில்தான். மற்றவர்களுக்கு இரண்டு பக்கமும் பகிர்ந்தோ வலப்பக்கமோ இருக்கும்.

வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள். நினைவு போய்விடுமா என்று முன்பே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஜுன் வாடா 1949இல் எழுதிய முறை ஒன்று உண்டு: கழுத்துத் தமனி வழியாக மயக்கமருந்தைச் செலுத்தி ஒரு அரைக்கோளத்தைச் சில நிமிடங்கள் உறங்கவைத்து, விழித்திருக்கும் மறுபக்கம் மொழியையும் நினைவையும் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது பல இடங்களில் மொழியின் இருப்பிடத்தை அறிய, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. இதன் இடத்தைப் பிடித்திருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி இது: நீக்கப்போகும் பகுதி இப்போது வேலை செய்கிறதா? ஏற்கெனவே சுருங்கித் தழும்பேறிய ஹிப்போகேம்பஸை எடுத்தால் இழப்பு குறைவாகத்தான் இருக்கும். நன்றாக வேலை செய்யும் ஒன்றை எடுத்தால் இழப்பு அதிகம். அறுவைக்கு முன் நினைவு நன்றாக இருப்பவருக்குத்தான் ஆபத்து கூடுதல் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும்; காரணம் இதுதான்.

குழந்தைப் பருவத்தில் அடிபட்டால் மறுபக்கம் ஏற்றுக்கொள்ளும் என்கிறார்களே?

மொழி விஷயத்தில் பெரும்பாலும் உண்மை. பிறக்கும்போதோ மிகச் சிறுவயதிலோ இடது மூளை சேதமானால் வலது மூளை மொழியை ஏற்று நடத்தும். அதற்கு ஒரு விலை உண்டு. வலப்பக்கத்தில் வழக்கமாக நடக்கும் உருவ, இட வேலைகளுக்கு இடம் நெருக்கடியாகிறது. அதனால் நன்றாகப் பேசும் அந்தக் குழந்தை வடிவியலிலும் வரைபடம் பார்ப்பதிலும் பின்தங்கலாம். 'இவ்வளவு பேசுகிறாய், இது வரவில்லையா' என்று ஆசிரியர் கடிந்துகொள்ளும் முன் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இழந்தது திரும்பி வருமா?

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் கதவு ஒரேயடியாக மூடிவிடுவதில்லை. ஒருபக்கப் புறக்கணிப்பு பலருக்கு வாரங்களிலேயே குறையும். ஹிப்போகேம்பஸ் சேதத்தால் வந்த நினைவுக்குறை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே மாற்று வழிகளைப் பழகுவதுதான் பலன் தரும்.

கைப்பேசியில் வரும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். ஆடஆட அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். அது வழி நினைவிருப்பதிலோ சாவியைக் கண்டுபிடிப்பதிலோ கைகொடுப்பது அபூர்வம். பொழுதுபோக்காக ஆடலாம், அதற்காகக் காசு கொட்ட வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எந்தப் பக்கம் சேதமோ அதற்கு எதிர்ப்பக்கத்தின் பலத்தைப் பயன்படுத்துங்கள். வலப்பக்கம் பாதித்தவருக்கு வழியைப் படமாகக் காட்டாதீர்கள், வாக்கியமாகக் கொடுங்கள்: 'படி இறங்கியதும் வலது, மூன்றாவது கதவு.' அதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்கட்டும். பொருளை வைக்கும்போதும் 'கண்ணாடி, அலமாரி, மேல்தட்டு' என்று சொல்லிக்கொண்டே வைக்கட்டும். இடப்பக்கம் பாதித்தவருக்கு இதையே திருப்பிப் போடுங்கள்: பட்டியலுக்குப் பதில் புகைப்படம், பெயருக்குப் பக்கத்தில் முகம்.

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். அழகுக்காகக்கூட வேண்டாம்.

புதிய ஒன்றைக் கற்றுத்தரும்போது ஊகிக்கவிட்டுத் திருத்தும் பழக்கத்தைக் கைவிடுங்கள். கடுமையான நினைவுக்குறை உள்ளவர்களுக்குத் தாங்கள் செய்த தவறே பதிந்துவிடும் அபாயம் இருக்கிறது என்று ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் காட்டினார்கள். ஆரம்பத்திலிருந்தே சரியானதை மட்டும் செய்யவைத்து, உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதே அவர்கள் முறை.

புறக்கணிப்பு இருந்தால் பக்கத்தின் இடது ஓரத்தில் அடர்த்தியான சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு வரியையும் அந்தக் கோட்டிலிருந்து படிக்கப் பழக்குவார்கள். அன்றாட வேலைகளை மறுபடி பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள். காட்சியை வலப்பக்கம் நகர்த்திக்காட்டும் பட்டகக் கண்ணாடி மாட்டிக் கைநீட்டிப் பழகும் முறை 1998இலிருந்து பேசப்படுகிறது. சிலருக்கு நன்றாகவே உதவியிருக்கிறது, ஆய்வுகளின் முடிவுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. மருத்துவர் பரிந்துரைத்தால் முயன்று பார்க்கலாம்.

வண்டி ஓட்டலாமா?

பார்வைப் புலமும் கவனமும் முறையாகச் சோதிக்கப்பட்டு, மருத்துவர் எழுத்தில் தரும்வரை கூடாது. 'எனக்கு நன்றாகத் தெரிகிறது' என்று அவர் சொல்வதை இதில் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. இடப்பக்கம் கவனத்துக்கே வராதவருக்கு அங்கே வரும் வண்டி தெரியவில்லை என்பதும் தெரியாது. நடந்து போகும்போதும் முதலில் சில வாரங்கள் அவருக்கு இடப்பக்கமாக ஒருவர் கூடப் போங்கள்.